சிலாபத்திற் சீவியம் மலிவா?

கொழும்பிலிருந்து நண்பரொருவர் சென்ற மாதம் தொலைபேசியில் எம்மை அழைத்தார். அடுத்த ஆண்டு அவர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாற இருக்கிறார். வெள்ளவத்தையில் வாடகை வீடு. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து போய்விட்டனர். இனிக் கையில் வரப்போவது ஓய்வூதியம் மட்டுமே. சுகம் விசாரித்து முடிந்ததும், "நீர் சிலாபத்துக்குப் போய் இத்தனை ஆண்டாயிற்று. ஒளியாமற் சொல்லும். அங்கே சீவியம் மலிவுதானா?" என்று கேட்டார்.

'ஆம்' என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட நா எழுந்தது. ஆனால் அடுக்களை வாசலில் நின்ற எமது இல்லாள் தலையை மெல்ல ஆட்டினார். நாம் இவ்வூருக்கு வந்த நாள்முதல் ஆண்டுக்கு ஒன்றாக அவர் எழுதிவைத்த கணக்குக் கொப்பிகள் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பாராமல் வாய்க்கு வந்ததைச் சொல்லல் ஆகாது என்பது அத்தலையசைவின் பொருள். "ஒரு வாரம் பொறும், ஐயா" என்று நண்பருக்குக் கூறி, கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அவற்றிற் கண்டதை நண்பருக்கு மட்டுமன்றி, அவரைப் போல் ஏங்கி நிற்கும் ஏனைய நேயர்களுக்கும் சொல்லலாம் எனத் தோன்றியமையால் இக்கட்டுரை.

நாம் சிலாபத்துக்குக் குடிவந்தது 2020 ஆம் ஆண்டு ஜனவரியில். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். புகையிரதத்தில் ஏறினால் நீர்கொழும்பைத் தாண்டியதும் இருபுறமும் தென்னை தொடங்கும். அப்புறம் சிலாபம் வரும்வரை தென்னையன்றி வேறு காட்சி அருமை. கிழக்கே சிறிது தூரத்தில் முன்னேஸ்வரம், மேற்கே கடல், வடக்கே தெதுறு ஓயா கடலோடு கலக்கும் முகத்துவாரம், ஊரை அணைந்தாற்போல் களப்பு. சந்தையில் தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடும். 'காலை எழுந்தால் மீன், மாலை எழுந்தால் கோயில், வாடகையோ கொழும்பில் மூன்றிலொன்று' என்று அன்று கணக்குப் போட்டோம்.

வாடகையைப் பொறுத்தமட்டில் கணக்குப் பிழைக்கவில்லை. வெள்ளவத்தையில் மாடிமேல் இரண்டு அறைக்கு ஒரு மாதத்துக்குக் கொடுத்த தொகை, இங்கே முற்றமும் கிணறும் கொல்லையும் உள்ள ஒரு தனி வீட்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்குப் போதுமானதாயிருந்தது. கொல்லையில் ஐந்து தென்னை மரங்கள் நின்றன. அவற்றைக் கண்டபோது எமது இல்லாளின் முகம் மலர்ந்ததை மறைப்பதற்கில்லை. "இனித் தேங்காய் வாங்க வேண்டியதில்லை" என்றார்.

ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டியபோது அதில் ஒரு வரி இருந்தது. வீடு வாடகைக்காரருக்கு; தென்னங்காய் சொந்தக்காரருக்கு. தென்னை நாட்டிலே நிலம் வேறு, மரம் வேறு என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து காய் பறிப்பான், பறிப்பு ஒன்றுக்குப் பத்துக் காய் எமக்கு மரியாதைக்காக வைப்பான், மிகுதி வண்டியேறும். விழுகின்ற ஓலையும் பாளையும் பன்னாடையும் மட்டும் எமக்கு. தலைக்கு மேலே குலை குலையாகக் காய் தொங்க, அதன் நிழலில் நடந்து சந்தைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வருவது எத்தகைய அனுபவம் என்பதை நேயர்கள் கற்பனை செய்து கொள்ளலாம்.

நிற்க. சந்தையிலாவது தேங்காய் மலிவா என்றால், அதுவும் இல்லை. கொழும்பு, குருநாகல், சிலாபம் என்ற மூன்று ஊர்களை இணைத்துத் தென்னை முக்கோணம் என்று பள்ளிக்கூடத்திற் படித்தோம். இலங்கைத் தென்னை ஆராய்ச்சி நிலையமும் இங்கிருந்து தெற்கே லுணுவிலையிலேதான் இருக்கிறது. இருந்துமென்ன? தேங்காயின் விலை தென்னந்தோப்பில் நிச்சயிக்கப்படுவதில்லை. கொழும்பில் வாரந்தோறும் நடைபெறும் ஏலத்தில் நிச்சயிக்கப்படுகிறது. ஆலைக்காரரும் எண்ணெய்க்காரரும் ஏற்றுமதிக்காரரும் அங்கே கேட்கும் விலையைத் தோட்டக்காரர் தொலைபேசியில் அறிந்துகொள்கிறார். அதற்குக் குறைவாகத் தமது அயலவருக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்? 2024 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025 இன் தொடக்கத்திலும் விளைச்சல் குன்றி, ஒரு காய் 200 ரூபாயைக் கடந்தபோது சிலாபத்திலும் அதே விலைதான். வண்டிக்கூலி மட்டும் சிறிது குறைவு.

மீனும் இவ்வாறே. விடியற்காலையிற் கரைக்குப் போனால் சாளையும் சூடையும் நெத்தலியும் கொழும்பைவிட நயமாகக் கிடைக்கும், அதில் ஐயமில்லை. அதிலும் இன்று பிடித்த மீன் என்பது கொழும்பிற் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத பொருள். ஆனால் அது காற்றடங்கிய மாதங்களில். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் எழுந்துவிட்டால் புரட்டாதி வரை கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் உறங்கும். அப்போது மீனின் விலையைக் கேட்டுவிட்டுப் பருப்பு வாங்கித் திரும்புவோர் பலர். பெரிய மீனோ எந்த மாதத்திலும் கரையில் நிற்பதில்லை. பனிக்கட்டிப் பெட்டியில் ஏறி நேரே கொழும்புக்குப் போய்விடும். சிலாபத்து நண்டின் புகழ் நாடறிந்தது. ஆயின் களப்பு நண்டிற் பருத்தவை சிங்கப்பூர் வரை போகின்றன. ஊர்ச் சந்தைக்கு வருபவை காலொடிந்தவையும் மெலிந்தவையும். இவற்றையே இல்லாள் மிளகும் முருங்கைக் கீரையும் இட்டுக் குழம்பாக்கும்போது, சிங்கப்பூர்க்காரர் மீது எமக்குப் பொறாமை உண்டாவதில்லை என்பது வேறு விஷயம்.

கொப்பிகளைப் புரட்டப் புரட்ட ஓர் உண்மை எமக்குப் புலனாயிற்று. இடம்விட்டு இடம் பெயரக்கூடிய பொருள் எதுவும் இங்கே மலிவில்லை. அரிசி, சீனி, பருப்பு, பால்மா, சமையல் எரிவாயு, மருந்து யாவும் கொழும்பு விலையே; சில சதம் கூடவும் இருக்கும். மலிவாக இருப்பவை பெயர முடியாதவை: நிலம், வீடு, ஆட்கூலி, நேரம். முடிவெட்டுபவரும் மேசனும் தையற்காரரும் கேட்கும் கூலி கொழும்பைவிடக் குறைவு. ஆகவே ஊர் மலிவு என்று நாம் மகிழ்வதன் பெரும்பகுதி, அயலவருடைய உழைப்பு மலிவு என்று மகிழ்வதேயாகும். இதைச் சொல்லும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய புதுமையன்று. அமெரிக்காவிலே இளைப்பாறியோர் கலிபோர்னியாவை விட்டு ஆர்கன்சா, மிசிசிப்பி முதலிய மாநிலங்களுக்கு மலிவு தேடிப் போவதுண்டு. நாடு முழுவதுக்குமான சராசரி விலையை 100 எனக் கொண்டால், கலிபோர்னியா 112 அளவிலும் அம்மலிவு மாநிலங்கள் 87 அளவிலும் நிற்பதாக அந்நாட்டு அரசாங்கமே கணித்து வெளியிடுகிறது. வேறுபாட்டிற் பெரும்பங்கு வீட்டு வாடகை. கடைச் சாமான்களின் விலை அத்தனை வேறுபடுவதில்லை. விலை குறைந்த அம்மாநிலங்களிலே சம்பளமும் குறைவு. மிசிசிப்பி அந்நாட்டின் மிக வறிய மாநிலங்களுள் ஒன்று. வெளியிலிருந்து பணத்தோடு வருபவருக்கு அது மலிவு. அங்கேயே பிறந்து அங்கேயே உழைப்பவருக்கு எப்படி மலிவாகும்?

எமது நாட்டில் வாழ்க்கைச் செலவை அளக்கும் கோல் நெடுங்காலம் கொழும்பிலேயே இருந்தது. 1949–50 இற் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை ஆராய்ந்து, 1952 ஐ அடியாண்டாக வைத்து அமைத்த கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணே பல பத்தாண்டுகளாக முழு நாட்டுக்கும் விடை சொல்லி வந்தது. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் வெளிவரத் தொடங்கியது 2015 இலேதான். 2024 ஜனவரிக்கு அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் கணித்த வறுமைக்கோட்டைப் பாருங்கள். ஒருவர் ஒரு மாதம் உயிர்வாழ இன்றியமையாத தொகை நாடு முழுவதற்கும் 17,014 ரூபாய். ஆகக் கூடியது கொழும்பு மாவட்டத்தில் 18,350. ஆகக் குறைந்தது மொனராகலையில் 16,268. மாநகருக்கும் மிகத் தொலைவான மாவட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 2,082 ரூபாய் மட்டுமே! ஏழையின் செலவிற் பெரும்பங்கு உணவு. உணவோ எங்கும் ஏறத்தாழ ஒரே விலை. மலிவான ஊரின் மலிவு ஏழைக்கு மிகச் சிறிதே கிடைக்கிறது; எம்மைப் போன்ற வாடகைக்காரருக்குத்தான் தாராளமாகக் கிடைக்கிறது.

இனி 2022 ஆம் ஆண்டுக் கொப்பிக்கு வருவோம். அதைத் திறக்கும்போதெல்லாம் எமது இல்லாள் ஒரு பெருமூச்சு விடுவார். ஏப்ரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த மதிப்பு சில மாதங்களில் 360 அளவுக்குச் சரிந்தது. செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 69.8 வீதம் ஏறியிருந்தது. உணவுப் பண்டங்கள் மட்டும் 94.9 வீதம். 1953 இல் அரிசிக் கொத்தொன்றின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியமைக்காக ஆகஸ்ட் 12 ஆந் திகதி நாடே ஹர்த்தால் செய்ததையும், பிரதமர் டட்லி சேனநாயக்கா பின்னர் பதவி துறந்ததையும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2022 இலும் வீதி நிறைந்தது. ஜனாதிபதி நாட்டை விட்டே போனார்.

அந்த ஆண்டிலேதான் சிலாபம் எமக்குக் கைகொடுத்தது. கைவிட்டதும் அந்த ஆண்டிலேதான். முன்னதை முதலிற் சொல்லுவோம். 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆயிற்று. ஆறு மாதத்துக்கு முன்வரை அது 1,500 ரூபாய்க்கும் குறைவு. விலையைக் கொடுக்கச் சித்தமாயிருந்தாலும் பொருள் இல்லை. கொழும்பில் எமது பழைய அயலவர்கள் வெற்றுச் சிலிண்டரோடு இரவு முழுவதும் வரிசையில் நின்றனர். மாடி வீட்டில் விறகு எரிக்க இடமேது? எமக்கோ கொல்லை முழுவதும் எரிபொருள். பாளையும் மட்டையும் சிரட்டையும் பன்னாடையும் அதுவரை குப்பை என ஒதுக்கப்பட்டவை. இல்லாள் கிணற்றடியில் மூன்று கல் வைத்தார். பன்னாடை தீப்பிடிக்க, பாளை சுவாலை விட, சிரட்டை நின்று கனல, இடியப்பமும் சொதியும் சம்பலும் ஒருநாளும் தவறவில்லை. காய் சொந்தக்காரருக்கு என்று எழுதிய ஒப்பந்தத்தில் ஓலையும் பாளையும் எமக்கு என்றும் எழுதியிருந்ததல்லவா? அந்த வரியின் அருமை அப்பொழுதுதான் தெரிந்தது. மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கொழும்பிலிருந்து வந்து ஏழு வாரம் எம்மோடு தங்கினர். பேரன் இன்றும் புகை மணத்த தோசையைக் கேட்கிறான்.

கைவிட்ட கதை ஜூலையில் நடந்தது. எமது இல்லாளுக்கு இருதயத்தில் சிறு கோளாறு உண்டு. அவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வைத்தியர் கொழும்பில் இருக்கிறார். இங்கேயே இலவச வைத்தியசாலை இருக்கிறது, காய்ச்சலும் தடிமனும் கண்டபோது அங்கேதான் போகிறோம், குறை சொல்வதற்கில்லை. எனினும் இருதய விஷயத்தில் பழகிய கையை விட்டு வேறு கையிற் கொடுக்க மனம் துணிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புப் பிரயாணம் என்பது குடிவரும்போதே நாம் கணக்கிற் சேர்த்த செலவு. ஆனால் ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று ஆகுமென எவர் கண்டார்? குறித்த தவணை அந்த நாட்களுக்குள் வந்தது. மருந்தும் முடியும் தறுவாய். பஸ் வண்டிகள் அரிதாகின; புகையிரதத்திலோ மிதிபலகையிலும் கூரையிலும் சனம். அந்த நெரிசலில் அவரை ஏற்றுவதற்கு எமக்குத் துணிவு வரவில்லை. எங்கோ எவரிடமோ பலமடங்கு விலைக்கு வாங்கி ஒளித்து வைத்திருந்த பெற்றோலோடு ஒரு வாடகைக் கார் கிடைத்தது. போய் வந்தோம். வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை" என்றார். இல்லாள் வீடு வந்ததும் கொப்பியை எடுத்து அன்றையச் செலவைக் குறித்தார். வாடகையில் மிச்சப்படுத்திய தொகையில் ஒன்றரை மாதத்துக்குரியது ஒரு பகலிற் கரைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் அவர் கூட்டுத்தொகை போடவில்லை. இன்றும் அது கூட்டாமலே இருக்கிறது.

அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயாயிற்று. எமக்கு அது விளக்குக்கு. சிறு வள்ளக்காரருக்கோ அதுவே கடலுக்குப் போகும் வழி. எமது வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ஒருவர் அன்றைக்கு வெறும் கூடையோடு படலையிற் சைக்கிளை நிறுத்தி, "ஐயா, ஒருக்கால் எஞ்சினை முடுக்கிப் போய்வர முன்னம் ஒரு கிழமைக்குச் செலவழித்த காசு வேண்டும். மீன் படாவிட்டால் கடன். படுத்திருந்தால் கடன் இல்லை, சோறுமில்லை" என்றார். அவர் இச்சிலாபத்திலேயே பிறந்தவர். சொந்தக் குடிசை, வாடகை இல்லை. சிலாபம் மலிவா என்று அவரை எவரும் கேட்பதில்லை.

வேறு சில சில்லறை விஷயங்களும் உண்டு. மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டிலும் மறுபடி 2023 பெப்ரவரியிலும் பெருமளவு உயர்ந்தது. அதற்கு ஊர் பேதமில்லை. உப்பளங்களுக்குப் பேர்போன புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டே 2025 இல் உப்புக்காகக் கடை கடையாக அலைந்தோம். அவ்வாண்டு மழை மிகுந்து உப்பு விளையாமற் போக, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியாயிற்று. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது தெதுறு ஓயா பெருகித் தாழ்ந்த நிலங்களை மூடிற்று. வாடகை மிகக் குறைந்த வீடுகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். எமது வீடு சற்று மேட்டில் இருந்தமையால் முற்றத்தோடு நீர் நின்றது.

மலிவாக இருந்த வீட்டு வாடகைக்கும் ஆபத்து வராமல் இல்லை. சிலாபத்துக்குத் தெற்கே, வென்னப்புவ வரையுள்ள கரையோர ஊர்களிலிருந்து எண்ணற்றோர் இத்தாலிக்குப் போய் உழைக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்தது. அங்கிருந்து வரும் பணம் இங்கே மாடி வீடாகவும் மதிலாகவும் எழுகிறது. ரூபாய் சரிந்தபோது அப்பணத்தின் பெறுமதி இன்னும் பெருகிற்று. நிலத்தின் விலை ஏறிற்று. நிலத்தைத் தொடர்ந்து வாடகையும் ஏறிற்று. எமது வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர். இளைப்பாறிய ஆசிரியர், மகன் இத்தாலியில். 2025 ஜனவரியில் அவர் வந்து திண்ணையில் அமர்ந்து, தேநீரைக் குடித்து முடித்து, நீண்ட நேரம் மழையைப் பற்றிப் பேசிய பின், வாடகையை அரைப்பங்கு கூட்ட வேண்டுமென்றார். கூடாதென்றால் மகன் வீட்டை விற்கச் சொல்கிறானாம்.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. ஓய்வூதியத்தில் வாடகைக்கென ஒதுக்கக்கூடிய தொகை எவ்வளவு என்பது இருவருக்கும் மனப்பாடம். மீண்டும் வீடு தேடி அலைவதற்கு வயதும் இடம் கொடாது. நாம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இல்லாள் விளக்கை ஏற்றிக் கொப்பியைத் திறந்து ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் சொந்தக்காரர் விடை கேட்க வந்தபோது அவரே பேசினார். "ஐயா, நீங்கள் கேட்டதில் பாதியைக் கூட்டித் தருகிறோம். அதோடு கிணற்றடி மரங்கள் இரண்டின் காயையும் எங்களுக்கு விட்டுவிடுங்கள், பத்துக் காய் மரியாதை வேண்டாம்" என்றார்.

சொந்தக்காரர் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். பாதி உயர்வுக்கு மேலாக இரண்டு மரத்தையும் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று நாமே திகைத்தோம். ஆனால் பறிக்க ஆள் கிடையாமலும் கூலி ஏறியும் அவர் அல்லற்படுவது இல்லாளுக்குத் தெரியும். மரமொன்று ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது காய் காய்த்தால் இரண்டுக்கும் நூறு. காய் 200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 20,000. அந்தத் தொகை அவருடைய கொப்பியில் ஏற்கெனவே எழுதியிருந்தது. சொந்தக்காரர் சற்றே யோசித்து, "பறிகூலி உங்களுடையது" என்றார். "சரி" என்றார் இல்லாள். புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது.

நண்பருக்கு இவற்றையெல்லாம் தொலைபேசியிற் சொல்ல முடியவில்லை. "நேரிற் வந்து பாரும்" என்றோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் புகையிரதத்தில் அவரும் மனைவியும் வந்தனர். பறிப்பு நாளாகவும் அது அமைந்தது. கிணற்றடியில் எமது காய்கள் ஒரு குவியல், வேலியோரம் சொந்தக்காரரின் காய்கள் ஒரு குவியல். நண்டுக் குழம்போடு பகலுணவு உண்டபின், நான்கு வீடு தள்ளி வாடகைக்கு விடப்பட இருக்கும் ஒரு வீட்டைக் காட்ட அழைத்துச் சென்றோம். நண்பரின் மனைவி அடுக்களையைப் பார்க்க உள்ளே போனார். நண்பரோ வாசலிலேயே நின்றுவிட்டார். தலையை அண்ணாந்து, விரலை நீட்டி, கொல்லையில் நின்ற மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் சாய்ந்து நின்ற ஒரு மரம் இந்த வளவுக்கு உரியதா, அடுத்த வளவுக்கு உரியதா என்பதைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் எம்மோடு விவாதித்தபடி வந்தார்.